வற்றம்

பெலார்மினோ வலித்தபடியே
மூன்று கயிறு சிப்பியை ஏற்றிவிட்டுத்தான் வந்தான்.
நாற்பது நிமிடம்.
அதை அவன் சொல்லவில்லை,
கையுறையில் காயாத பாசி சொன்னது.

'வாயுதான்,' என்றான்.
'ராத்திரி உருளைக்கிழங்கு, பன்றிக்கொழுப்பு.'
சிலோவே தீவில் எல்லா ஆண்களுக்கும் வாயுதான்,
சுவரில் சாயும்வரை.

நெஞ்சு மயிரை மழிக்கக் கத்தி தேடியதில் ஒரு நிமிடம்.
ஈரத் தோலில் ஒட்டுகள் வழுக்கியதில் இன்னொன்று.
தாள் வெளியே வந்தது.
முன்மார்புத் தடங்களில் கோடு
ஏறிய இடத்திலிருந்து இறங்க மறந்து
புதிதாய் மூடிய குழிகளைப் போல் மேடிட்டு நின்றது.

பலூன் வைத்து அடைப்பைத் திறக்கும் அறை
நீரிணைக்கு அப்பால், புவெர்ட்டோ மோன்டில்.
இன்று வடக்குக் காற்று. படகுத்துறையை மூடிவிட்டார்கள்.
லிசார்தோ ஆம்புலன்ஸை அணைக்காமல் வைத்திருக்கிறான்,
எங்கே போவதற்கென்று அவனுக்கும் தெரியாது.
இங்கே இருப்பது நான்,
தகரக் கூரையில் மழை,
பூட்டிய அலமாரியில் ஒரே ஒரு குப்பி.

தாளைப் படமெடுத்து அனுப்பினேன்.
தொலைபேசியில் டாக்டர் அராங்கீஸ்:
மூளையில் எப்போதாவது கசிவு? குடலில்? அண்மையில் அறுவை?
பெலார்மினோ யோசித்தான். 'ஜூனில் ஒரு பல் பிடுங்கினேன்.'
நோல்ஃபா நனைந்த கம்பளிக் குல்லாயைப் பிழிந்துகொண்டே
'பொய். மே மாதம்' என்றாள்.
எடை? 'எண்பது.'
'பூட்ஸைக் கழற்றிவிட்டா, போட்டுக்கொண்டா?' என்றாள்.
அவள் கோபத்தில் எவ்வளவு பயம் இருந்தது என்று
எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இதயத் தசை ஒரே அடியாய்ச் சாவதில்லை.
வற்றம் வாங்கும்போது
கடலுக்குத் தொலைவான ஓடைதான் முதலில் காயும்.
தசையிலும் அப்படித்தான்,
உள்சுவரில் தொடங்கி வெளியே வருகிறது சாவு,
அவசரமில்லாமல்,
நேரம் தன்னுடையது என்பதுபோல்.
சேற்றில் சாய்ந்த படகு செத்த படகல்ல.
ஆனால் எத்தனை நேரம் சாய்ந்து கிடக்கலாம் என்று
ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கணக்கு.

ஆஸ்பிரினை மெல்லச் சொன்னேன். முகம் சுளித்தான்.
ஊசியைத் தள்ள ஐந்து விநாடி.

பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
நோல்ஃபா தரையைத் துடைத்தாள், யாரும் கேட்காமல்.

முப்பத்தெட்டாம் நிமிடம்
மானிட்டருக்குப் பித்துப்பிடித்தது.
அகலமான, அசிங்கமான துடிப்புகள், வரிசையாக.
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நானோ, கடவுள் மன்னிக்கட்டும், சிரித்துவிட்டேன்.
ஏற்றத்தின் முதல் தண்ணீர்
குப்பையோடுதான் வரும்.
வந்துவிட்டது.
வரும் ரத்தமும் கொஞ்சம் கொல்லும் என்று
அராங்கீஸ் மறுநாள் சொன்னார்.
அன்றிரவு யாராவது சொல்லியிருந்தால்
போனை வைத்திருப்பேன்.

கோட்டின் மேடு பாதிக்கு மேல் கரைந்தது.
வலி?
'போச்சு,' என்றான் பெலார்மினோ. 'சொன்னேனே, வாயு.'

விடிந்து காற்று தணிந்து முதல் படகில் போனான்.
ஆறு வாரம் கழித்து எதிரொலிப் படத்தோடு வந்தான்,
ஒரு வாளி சிப்பியோடும்.
இதயத்தின் நுனி அசையவில்லை, இனி அசையாது:
மூன்று கயிற்றின் விலை அது.
ஆனால் அதை ஒட்டிய ஒரு பட்டை,
செத்ததென்று எல்லோரும் எழுதிவிட்ட பட்டை,
மயங்கித்தான் கிடந்திருக்கிறது.
இப்போது அசைகிறது,
ஞாயிற்றுக்கிழமை எழுப்பப்பட்டவனைப் போல
முணுமுணுத்துக்கொண்டு.

அடுத்த குப்பி வரப் பதினோரு நாள் ஆனது.
அந்தப் பதினோரு நாளும்
வாயு என்று யார் கதவைத் தட்டினாலும்
முதலில் ஜன்னலைத் திறந்து
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.
பிறகுதான் நாடி.